கடைசி பெஞ்சுக்கு எடிட் செய்யுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய லுத்தரன் சபை எங்களுடையது. நான் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கிறேன். ஓசூரில் ஷிப்டு வேலை. லீவு கிடைக்கும் நாட்களில் சபைக்கு வீடியோ செய்து கொடுக்கிறேன். போன மாதம் அறுப்பின் பண்டிகைக்குப் போனிலேயே எடுத்து 12 நிமிட வீடியோ ஒன்று செய்தேன், கடைசியில் எல்லார் பெயரையும் ஓடவிட்டேன். வீட்டில் ஹெட்செட்டில் கேட்டபோது எல்லாம் சரியாக இருந்தது. சபையில் காலை 9.30 மணி ஆராதனையில், காணிக்கைக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே ஆறடித் திரையில் போட்டபோது, சாட்சி (தன் வாழ்வில் கடவுள் செய்ததைச் சபைக்குச் சொல்வது) சொன்ன அக்காவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல அமுங்கிப்போனது, பின்னணி இசை மட்டும் கணீரென்று கேட்டது. படமும் வெளிறிவிட்டது. பாட்டு வரிகளைத் திரையில் போட்டாலும் பின்வரிசையில் யாரும் பாடுவதில்லை. ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர், "இது கோயிலா, சினிமாக் கொட்டகையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். இப்போது கிறிஸ்துமஸுக்கு ஒன்றும், சபையின் ஆரம்பத்தைப் பற்றிச் சின்னதாக ஒன்றும் வேண்டும் என்று போதகர் சொல்கிறார். கமிட்டியில் 60,000 ரூபாய்க்குக் கேமரா வாங்கலாம் என்று பேச்சு. வாங்கலாமா? எங்கே தப்பு நடந்தது?

வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

கேமரா இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் ஒன்றுகூடக் கேமராவால் வந்தது கிடையாது. உங்கள் போனில் எடுத்த படமே ஆறடித் திரைக்குத் தாராளமாகப் போதும். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து ஒரு காலர் மைக், ஒரு நல்ல கேபிள், முடிந்தால் ஒரு டிஐ பாக்ஸ் (லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்கும் சின்னப் பெட்டி), கிழக்கு ஜன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை வாங்கச் சொல்லுங்கள். மீதி கமிட்டியிடமே இருக்கட்டும்.

முதலில் அந்தக் காணாமல் போன குரல். "இசை மட்டும் கணீரென்று" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. ரெக்கார்டிங் மோசமாக இருந்திருந்தால் ஹெட்செட்டிலேயே தெரிந்திருக்கும். இங்கே குரல் கெடவில்லை, கேபிளில் கழிந்துபோயிருக்கிறது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரே ஒயரை இழுத்து மிக்ஸரில் (எல்லா ஒலியையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) மைக் செருகும் இடத்தில் சொருகியிருப்பார்கள். பெரும்பாலான சபைகளில் இதுதான் வழக்கம். லேப்டாப் இடது, வலது என்று இரண்டு ஒலிகளை அனுப்புகிறது. மிக்ஸரின் மைக் வாசலோ இரண்டு கம்பியில் வருவது ஒரே ஒலியின் நேரும் தலைகீழும் என்று எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. நீளமான மைக் ஒயரில் சேரும் இரைச்சலை நீக்கத்தான் அந்த ஏற்பாடு. சாட்சி சொன்னவரின் குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும்; கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம். இசையில் இடதும் வலதும் வேறுவேறாக இருப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. சபையில் அதே வீடியோவை ஓடவிட்டு, லேப்டாப்பின் சவுண்ட் செட்டிங்கில் வலது பக்க அளவை முழுதாகக் குறையுங்கள். குரல் சட்டென்று திரும்பி வந்தால் நான் சொன்னதுதான் காரணம். அவசரத்துக்கு அப்படியே ஓட்டிக்கொள்ளலாம். நிரந்தரத் தீர்வு, ஒரு முனையில் ஸ்டீரியோ (இடதும் வலதும் சேர்ந்த) பின்னும் மறுமுனையில் இரண்டு தனித்தனி மோனோ (ஒற்றை ஒலி) பின்னும் உள்ள கேபிள். இரண்டையும் மிக்ஸரில் இரண்டு லைன் சேனல்களில் (மைக்குக்கு அல்லாத வாசல்களில்) போடுங்கள். எடிட்டிங்கிலேயே மோனோவாக மாற்றிவிட்டால் போதாதா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பழைய கேபிளில் அது இன்னும் மோசம், குரலோடு இசையும் சேர்ந்து மறைந்துவிடும்.

சார்ஜர் மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வரும், கவனித்திருப்பீர்கள். டிஐ பாக்ஸ் கேட்டது அதற்காகத்தான். அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் (எர்த் இணைப்பைத் துண்டிக்கும்) பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பாக்ஸ் வாங்கும்வரை, வீடியோ ஓடும் அந்த நேரத்துக்கு மட்டும் சார்ஜரைக் கழற்றி வைத்தால் போதும்.

குரலைப் பதிவு செய்யும்போது போனின் மைக்கை நம்ப வேண்டாம். உங்கள் பக்கத்து வீடுகள் பலவும் கான்கிரீட் பெட்டி. ஹாலில் சோபா, மெத்தை, துணிமணி இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பும். அந்த எதிரொலியைக் குரல் கெடாமல் எடிட்டிங்கில் முழுதாக எடுப்பது கஷ்டம். துணி நிறைந்த படுக்கையறையோ, வேப்பமர நிழலோ, மாட்டுக்கொட்டகைத் திண்ணையோ அதைவிட எவ்வளவோ மேல். மாடு கத்தினால் கத்தட்டும், அறுப்பின் பண்டிகைக்கு அது பொருத்தமான பின்னணிதான். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்குப் பக்கத்து வீடு என்றால் லாரி உறுமல் கட்டாயம் விழும். எடிட்டிங்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும், பெண்களின் குரலுக்கு ஒன்றும் ஆகாது. காலர் மைக்கை நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே, முந்தானை உரசாத இடத்தில் குத்துங்கள். பேச்சுக்கு அடியில் இசை வைத்தால் குரலைவிட 18 முதல் 20 டெசிபல் குறைவாக இருக்கட்டும். ஹெட்செட்டில் கேட்டால் இசை இருக்கிறதா இல்லையா என்று தோன்றும். சபையில் அதுதான் சரியான அளவு.

சரி, இனி அந்த 12 நிமிடம்.

வீடியோவைத் தொடங்கும் முன் போதகரிடம் அந்த ஞாயிறின் ஆராதனை முறையை வாங்கினீர்களா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் வாங்கவில்லை என்று தோன்றுகிறது. காணிக்கைக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே போடுவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் நீங்களே 12 நிமிடம் செய்திருக்க மாட்டீர்கள். ஆராதனையில் எதுவும் தனியாக நிற்பதில்லை. பாவ அறிக்கைக்குப் பின் மன்னிப்பு வருகிறது, வேதபாடத்துக்குப் பின் பிரசங்கம் வருகிறது. நடுவே வரும் வீடியோவும் முன்னால் நடந்ததை வாங்கி அடுத்ததிடம் கொடுக்க வேண்டும். அடுத்தது ஸ்தோத்திர ஜெபம் என்றால், "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று அந்த அக்கா சொல்லும் இடத்தில் வீடியோ நிற்க வேண்டும். அதற்குப் பின் வாலிபர் ஐக்கியத்தின் பெயர், எடிட்டிங் இன்னார், நன்றி இன்னார் என்று மேலேறும் எழுத்து எதற்கு? பெயர் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் யூடியூபில் ஏற்றும்போது கீழே எழுதிக்கொள்ளலாம். மூப்பருக்குக் கொட்டகை ஞாபகம் வந்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆராதனைக்குள் வரும் எந்த வீடியோவும் 3 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கட்சி. பிரசங்கத்துக்கு முன்னோட்டம் என்றால் ஒன்றரை நிமிடமே அதிகம். அறிக்கை, நிர்மாணப் பணி, வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நிகழ்ச்சிகள் இவையெல்லாம் ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்துக்கு. அங்கே 12 நிமிடம் போட்டால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

முடிந்தவுடன் திரையில் உங்கள் லேப்டாப் வால்பேப்பர் தெரிந்ததா? கட்டாயம் தெரிந்திருக்கும், எல்லாச் சபையிலும் தெரிகிறது. வீடியோ ஃபைலின் கடைசியில் அரை நிமிடம் வெறும் கறுப்பைச் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். அந்த அரை நிமிடத்துக்குள் புரொஜெக்டரை மூடவோ அடுத்த பாட்டுக்கு மாறவோ நிதானமாக நேரம் கிடைக்கும். லேப்டாப் திரையையும் புரொஜெக்டரையும் 'எக்ஸ்டெண்ட்' முறையில் பிரித்து வைத்தால் நீங்கள் ஃபைல் தேடுவது சபைக்குத் தெரியாது.

சாட்சி வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையான எடிட்டிங் வேலை அங்கேதான். அந்த அக்கா 20 நிமிடமாவது பேசியிருப்பார். அதை இரண்டரை நிமிடமாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் உட்காரும் முன் முழுப் பேச்சையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதே தெரியும், எல்லாரும் சொல்கிற வாக்கியம் எது, அவர் மட்டும் சொல்லக்கூடிய வாக்கியம் எது என்று. "கர்த்தர் என்னைக் கைவிடவில்லை" என்பதை அவர் நான்கு முறை சொல்லியிருப்பார். "போர் தண்ணி நின்னுபோச்சு, ராகி நாத்து காயுது, வீட்டுக்காரர் பெங்களூருல வேலைக்குப் போயிட்டார், நான் மட்டும் வரப்புல உக்காந்திருந்தேன்" என்பதை ஒரே ஒரு முறைதான் சொல்லியிருப்பார். இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியம் ஒருமுறை வரட்டும், அது வரப்பில் உட்கார்ந்த பேச்சுக்குப் பின்னால் வந்தால் தானாகவே கனம் சேரும். பேச்சுத் தமிழைத் திருத்த வேண்டாம். நடுவே அவர் மூன்று நொடி பேசாமல் கீழே பார்த்தால் அதையும் வெட்ட வேண்டாம். அந்த இடத்தில் வயலின் சேர்க்கும் ஆசை வரும், வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். சீரியலில் அழுகைக்கு முன் ஒலிக்கும் அதே வயலின் அது, சபையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

வெட்டிய இடத்தை மறைக்க அவர் கையைக் காட்டலாம், கதிரை, கேணியை, பாதி புடைத்த தானியம் கிடக்கும் முறத்தைக் காட்டலாம். இதையெல்லாம் அவர் பேசி முடித்த பிறகு அங்கேயே அரைமணி நேரம் நின்று எடுத்துக்கொண்டு வாருங்கள். அப்படி எடுத்து வராததால்தான் நம் ஆட்கள் இணையத்தில் தேடி அமெரிக்கக் கோதுமை வயலைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். ராகியும் நிலக்கடலையும் அறுத்து மூட்டை கட்டிக் காணிக்கையாகக் கொண்டுவந்தவர்கள் முன்னால், மஞ்சள் கோதுமையும் கம்பைன் மெஷினும் ஓடும் படத்தைப் போட்டு அறுப்பின் பண்டிகை என்றால் யாருடைய அறுப்பு அது? பாட்டு வரிகளுக்குப் பின்னால் ஓடும் பனிமலைகளும் அப்படித்தான்.

காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலத்தைப் படமெடுத்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. கோழியையும் தேங்காய்க் குலையையும் ஏலம் விடும்போது யார் எவ்வளவு கேட்டார் என்பது வீடியோவில் வரக்கூடாது. காணிக்கைத் தட்டில் கை வைக்கும் குளோசப்பும் கூடாது. 10 ரூபாய் போட்டவரின் கை என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு நொடி போதும். கண்மூடி ஜெபிப்பவரின் முகத்தைக் கிட்டத்தில் எடுப்பதும் எனக்குப் பிடிக்காது. அவருக்குத் தெரியாமல் எடுத்தது அது. அகலமாக எடுங்கள், முதுகுப் பக்கமிருந்து எடுங்கள்.

சாட்சி சொல்பவரிடம் இரண்டு அனுமதி தனித்தனியாக வாங்குங்கள்: சபையில் போட ஒன்று, இணையத்தில் ஏற்ற இன்னொன்று. சபைக்குள் சொன்னது சபையோடு இருக்கும். வாட்ஸ்அப்பில் போனால் அவர் அண்ணன் வீட்டுக்கும் போகும், வேலை பார்க்கும் தோட்டத்துக்கும் போகும். கணவரின் குடியைப் பற்றியோ கடனைப் பற்றியோ புதிதாகச் சபைக்கு வந்ததைப் பற்றியோ பேசியிருந்தால் ஊரில் என்ன சங்கடம் வரும் என்று அவரையே கேளுங்கள். எடிட் செய்து முடித்ததை முதலில் அவருக்குத்தான் காட்ட வேண்டும், போதகருக்குக்கூட அப்புறம்தான். "இதை எடுத்துவிடு" என்று சொன்னால் எடுத்துவிடுங்கள்.

இனி படம் வெளிறிய கதை. காலை 9.30 மணி ஆராதனை, கிழக்கு ஜன்னல் திறந்திருக்கும், அந்த வெளிச்சத்தில் புரொஜெக்டர் கறுப்பைக் காட்ட முடியாது. வெளிச்சம் விழுந்த வெள்ளைத் துணியின் நிறம்தான் அங்கே கறுப்பு. இரவில் விளக்கணைத்து அறையில் எடிட் செய்யும்போது அழகாகத் தெரிந்த நிழல்கள் எல்லாம் அங்கே சாம்பலாகிவிடும். ஆகவே பகல் ஆராதனைக்கு வீடியோவின் இருண்ட பகுதிகளைத் தாராளமாகத் தூக்கிவிடுங்கள், முகங்கள் உங்களுக்கே கொஞ்சம் அதிகமாக வெளுத்ததுபோலத் தோன்றும் அளவுக்கு. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு எல்லாமே தலைகீழ். 5 மணிக்கு வெளியே இருட்டு, உள்ளே மெழுகுவத்தி, அப்போது சபையிலேயே பளிச்சென்று இருப்பது உங்கள் திரைதான். பகலில் நன்றாக வேலை செய்த வெள்ளைப் பின்னணி அப்போது கண்ணைக் கூசவைக்கும். அந்த வேளைக்குக் கறுப்புப் பின்னணியில் சற்று மங்கிய வெள்ளை எழுத்து, அவ்வளவே. ஒரே ஃபைலை இரண்டு ஆராதனைக்கும் போடாதீர்கள்.

பின்வரிசை பாடாததற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்தளவு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் கடைசி பெஞ்சு திரையிலிருந்து 60 அடி இருந்தால் எழுத்து 6 அங்குலம் வேண்டும். ஆறடி அகலத் திரையின் உயரம் சுமார் 40 அங்குலம். வரிகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் நாலு வரிதான் கொள்ளும். நாலு வரிக்கு மேல் போட்டால் பின்வரிசைக்குத் தெரியாது, கண்ணாடி போட்டவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள்.

எங்கே உடைப்பது என்பதும் முக்கியம். ஞானப்பாட்டு என்றால் அடிக்கு அடி உடையும், சிக்கல் இல்லை. கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போகும்போது, ஒவ்வொரு சரணத்துக்கும் பின்னால் பல்லவி ஸ்லைடை மறுபடி நகலெடுத்து வையுங்கள். பின்னால் போய்த் தேடுவதற்குள் சபை பாடி முடித்துவிடும். தமிழ்ச் சொல் நீளம், அதை நடுவில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளாதீர்கள், எழுத்தைச் சிறிதாக்கியும் திணிக்காதீர்கள், அடுத்த ஸ்லைடுக்கே போங்கள். ஸ்லைடை மாற்றுகிறவர் பாடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கடைசிச் சொல்லைப் பாடத் தொடங்கும்போதே அடுத்தது வந்துவிட வேண்டும், பாடி முடித்த பிறகு வந்தால் எல்லாரும் ஒரு நொடி நின்றுவிடுகிறார்கள். எழுத்துக்குப் பின்னால் எதுவும் அசையக்கூடாது. ஒகேனக்கல் அருவியை ஸ்லோமோஷனில் ஓடவிட்டு அதன்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் நுரைக்கு நடுவே எழுத்தைத் தேட வேண்டியதுதான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் தெலுங்கோ கன்னடமோ சேர்த்துப் பாடுகிறார்கள். அப்படியென்றால் ஸ்லைடுக்கு இரண்டு வரி தமிழ், இரண்டு வரி மற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லிபிகளை ஒரே திரையில் போட வேண்டாம்.

எழுத்துரு விஷயம் ஒன்று. பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பாடல்கள் உங்கள் சபைக் கம்ப்யூட்டரில் நிறைய இருக்கும். அவற்றை வேறு லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கலவரமாக நிற்கும். ஒருமுறை உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எடிட்டிங் சாஃப்ட்வேரில் தமிழ் போடும் முன் 'கொடுத்தார்', 'மௌனம்', 'ஸ்ரீ' என்று தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், பிரீமியர் புரோ என்றால் பிரிஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்ற வேண்டும். அப்படியும் சரியாகாத சாஃப்ட்வேரில், எழுத்தை வேறிடத்தில் படமாகச் செய்து கொண்டுவந்து ஒட்டுவதே நிம்மதி. வசனத்தில் ஒரு கொம்பு தவறினாலும் நம் பெரியவர்கள் அதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

போனில் எடுக்கும்போது நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் நொடியில் 50இல் 1 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டுக்கு அடியில் படத்தில் ஓடும் கோடுகள் அடங்கும். போன்கள் ஃபிரேம் வேகத்தைத் தாமே ஏற்றி இறக்கும். நீளமான பேச்சில் போகப்போக உதடும் குரலும் விலகுவது இதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கில் ஏற்றுங்கள். யாராவது கிளிப் அனுப்பினால் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் பிழிந்து சக்கையாக்கித்தான் தரும். சபை லேப்டாப் பழையதென்றால் கடைசி ஃபைல் 1080பி, எச்.264, எம்பி4 போதும். 4கே எல்லாம் அங்கே திக்கித் திக்கித்தான் ஓடும். பென்டிரைவிலிருந்து ஓட்டாதீர்கள், லேப்டாப்பில் காப்பி செய்துகொண்டு ஓட்டுங்கள்.

பாட்டின் உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யூடியூபில் ஏற்ற நினைத்தால் உதவும் என்பதால் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உண்மையான மதச் சடங்கின்போது ஒரு பாட்டைப் பாடுவதையும் பதிவான பாட்டை ஒலிக்கவிடுவதையும் மீறலாகக் கருதுவதில்லை. திரைப்படக் காட்சியைப் போட்டுக் காட்டுவதைப் பற்றி அந்த வரியில் பேச்சில்லை. அதே பாட்டை உங்கள் வீடியோவில் சேர்த்து இணையத்தில் ஏற்றுவதும் அந்தச் சலுகைக்குள் வராது. நம்மிடம் நல்ல வழி ஒன்று இருக்கிறது. பாட்டு எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் அந்தப் பாட்டு எல்லாருக்கும் சொந்தம். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர். அவர் கீர்த்தனையை யாரும் பாடி, பதிவு செய்து, ஏற்றலாம். ஆனால் ஒரு கம்பெனி சில ஆண்டுக்கு முன் வெளியிட்ட அதே கீர்த்தனையின் ஒலிப்பதிவு கம்பெனிக்குச் சொந்தம். உங்கள் பாடகர் குழுவை ஒரு சாயங்காலம் உட்காரவைத்து ஒற்றை ஆர்மோனியத்தோடு பதிவு செய்துகொள்ளுங்கள். சபைக்குத் தெரிந்த குரல்கள் என்பதால் பின்னணிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

சபையின் ஆரம்பம் பற்றிய வீடியோவுக்கு உங்கள் ஊரில் நல்ல சரக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி சினடு லுத்தரன் மிஷன் இந்தியாவில் வேலையைத் தொடங்கிய இடமே கிருஷ்ணகிரிதான், 1895இல். அதைத் தொடங்கிய தியோடர் நேதர் 1904இல் பிளேக் நோயில் இறந்தார். இந்த இரண்டு வரியைக் குரலில் சொன்னால் போதும், ஆண்டுகளை அடுக்கி வாசிக்க வேண்டாம். மீதி நேரத்தில் உங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டுங்கள். பக்கத்தை ஜன்னல் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்து, போனை ஸ்டாண்டில் நிறுத்தி, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். மையின் பழுப்பும் காகிதத்தின் மடிப்பும் விழும். அதில் உள்ள ஒரு பெயருக்கு இன்று சபையில் பேரனோ கொள்ளுப்பேத்தியோ இருந்தால், அவர் விரல் அந்த வரிமேல் நகரட்டும், அவரே வாசிக்கட்டும். பழைய போட்டோக்களைக் கண்ணாடியோடு எடுக்காதீர்கள், பிரேமிலிருந்து கழற்றி ஸ்கேன் செய்யுங்கள். இந்த வீடியோ மூன்று நிமிடத்துக்குள் அடங்காது என்றால் ஆராதனைக்குப் பிறகு போடலாம்.

அந்த மூப்பர் பேச்சை மனதில் வைத்துக்கொண்டு அவரைத் தவிர்க்காதீர்கள். எல்லார் முன்னாலும் கேட்டது சரியில்லைதான். ஆனால் குரல் கேட்காத, முகம் தெரியாத, பெயர்ப்பட்டியலோடு முடிந்த 12 நிமிடத்தைப் பார்த்தவர் கேட்ட கேள்வி அது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம், இருட்டியபின், அதிகாலை ஆராதனையில் எரியும் அதே விளக்குகளை மட்டும் போட்டுக்கொண்டு, முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போது நீங்கள் லேப்டாப் பக்கத்தில் இருக்க வேண்டாம், வேறு யாரையாவது இயக்கச் சொல்லிவிட்டு, மூப்பரை அழைத்து வந்து அவரோடு கடைசி பெஞ்சில் உட்காருங்கள். "ஐயா, குரல் கேக்குதா? எழுத்து தெரியுதா?" என்ற இரண்டே கேள்வி. அவர் தெரியவில்லை என்று சொல்லும் ஸ்லைடை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அது வேண்டாம், இது வேண்டாம் என்று நாலு சொன்னால் இரண்டையாவது எடுத்துவிடுங்கள். சபை நிறைந்தால் உடம்புகள் ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சும், அதனால் வெறும் ஹாலில் சரியாக இருந்த சத்தத்தைப் பண்டிகையன்று சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் அன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரில் மிக்ஸரும் லேப்டாப்பும் ஓடும், அதிக மின்சாரம் இழுக்கும் லாம்ப் புரொஜெக்டர் சின்ன இன்வெர்ட்டரில் ஓடாமல் போகலாம். கரண்ட் வந்த பிறகும் லாம்ப் சூடாகி ஒளிவர நேரம் பிடிக்கும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று போதகரிடமும் பாட்டு நடத்துபவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் எடுத்துப் பெஞ்சுகளில் வைக்கச் சொல்லுங்கள், பாட்டு எண்களை வழக்கம்போல் கரும்பலகையிலும் எழுதிவிடுங்கள்.